சர்க்கரைக்குப் பதிலாகப் பருப்பு கேட்கும் உரிமை

(ஏற்காட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசு கொடுக்கும் உணவு உதவியில், உடம்புக்கு ஆகாத பண்டங்களுக்கு இடம் இருக்கலாமா? இதுதான் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட கேள்வி. அமெரிக்காவில் இதற்காகப் பல காலமாகச் சண்டை நடக்கிறது. அங்கே ஏழைக் குடும்பத்துக்கு அரசு ஓர் அட்டை தருகிறது. மாதாமாதம் அதில் பணம் ஏறும். அதைக் கொண்டுபோய்க் கடையில் நீட்டி வேண்டிய உணவுப் பொருளை வாங்கிக்கொள்ளலாம். மது கிடையாது, புகையிலை கிடையாது. ஆனால் கோலா வாங்கலாம், மிட்டாய் வாங்கலாம். 1964-இல் அந்தச் சட்டம் உருவானபோதே குளிர்பானத்தை விலக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2010-இல் நியூயார்க் நகர மேயர் புளூம்பெர்க் அனுமதி கேட்டார். மறு ஆண்டே மத்திய வேளாண் துறை மறுத்துவிட்டது. 2025 மே மாதத்தில்தான் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது. 2026 ஜனவரி 1 முதல் அங்கே அந்த அட்டையை நீட்டிக் கோலா வாங்க முடியாது. இன்னும் பல மாநிலங்கள் அதே வழியில் போகின்றன.

அங்கே எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பணக்காரன் வரிச்சலுகை வாங்கிக்கொண்டு கோலா குடிக்கிறான், அவன் கூடையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஏழையின் கூடையை மட்டும் கல்லாவில் கொட்டிப் பார்ப்பது என்ன நீதி என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன்.

ஆனால் நம் கதை வேறு. அங்கே பண்டத்தைத் தேர்ந்தெடுப்பது குடும்பம். இங்கே தேர்ந்தெடுப்பது அரசு. நம் ரேஷன் கடையில் நிற்கிற அம்மா எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. கைரேகை வைக்கிறார், கருவி ஏற்றுக்கொண்டால் பில் வருகிறது, தராசில் விழுவதை வாங்கிக்கொண்டு மலைப்பாதையில் தலையில் சுமந்து போகிறார். ஆகவே நம் ஊரில் "ஏழை ஏன் கண்டதைத் தின்கிறான்" என்று கேட்பதற்கே இடமில்லை. "அரசு ஏன் இதைக் கொடுக்கிறது, அதை ஏன் கொடுக்கவில்லை" என்றுதான் கேட்க வேண்டும்.

அந்தத் தராசில் விழுவது என்ன? நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாதம் 20 கிலோ அரிசி, விலையில்லாமல். தலைக்கு அரைக் கிலோ கணக்கில் 2 கிலோ சர்க்கரை, கிலோ 25 ரூபாய். ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய். ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். பருப்பும் பாமாயிலும் 2007-இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் வந்தவை. அரிசி 2011 ஜூன் முதல் இலவசமானது. நாட்டின் பல மாநிலங்கள் ஏழை யார், ஏழை அல்லாதவர் யார் என்று கோடு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், தமிழ்நாடு எல்லோருக்கும் கடையைத் திறந்து வைத்தது. இதை நான் பெருமையோடு சொல்கிறேன். இனி நான் சொல்லப்போகும் குறை எதுவும் அந்தப் பெருமையைக் குறைப்பதற்காக அல்ல.

இப்போது அந்தப் பொருட்களை நான்கு பேருக்கு, முப்பது நாளுக்குப் பிரித்துப் பாருங்கள். அரிசி ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 167 கிராம். சர்க்கரை 17 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய் 8 கிராமுக்குள். பருப்பும் 8 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டது. 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி என்கிறது அது. சர்க்கரை 20 முதல் 25 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது.

இந்தத் தாள் பொட்டலத்தைப் பாருங்கள். முன் வரிசையில் இருக்கிறவர்கள் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள். உள்ளே இருப்பது 8 கிராம் துவரம்பருப்பு. இரண்டு தேக்கரண்டி தேறும். காப்பித் தோட்டத்தில் காலை முதல் மாலை வரை பழம் பறிக்கிற ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ரேஷனில் கிடைக்கிற பருப்பு இவ்வளவுதான். தேவையான தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசு கொடுத்துவிடுகிறது. சர்க்கரையிலும் உச்ச வரம்பின் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கமாகக் கொடுத்துவிடுகிறது. பருப்பில் மட்டும் பத்தில் ஒரு பங்கு. அதுவும் எல்லா மாதமும் ஒழுங்காக வருவதில்லை. 2024 மே மாதத்துப் பருப்பையும் பாமாயிலையும் ஜூன் மாதத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்க வேண்டி வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே, ரேஷன் சர்க்கரையே விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். 17 கிராம் சர்க்கரை யாரையும் கொன்றுவிடாது. விடிகாலையில் ஒரு டம்ளர் வரக்காப்பியோடு வேலைக்குப் போகிறவருக்கு அதில் கரையும் சர்க்கரைதான் பத்து மணி வரை தெம்பு. அதைப் பிடுங்கச் சொல்லும் உரிமை, மூன்று வேளையும் பாலும் முட்டையும் பழமும் வாய்க்கிற யாருக்கும் கிடையாது. தட்டில் சர்க்கரை இருப்பது எனக்குக் கவலை இல்லை. அரிசியையும் சர்க்கரையையும் விட்டால் அந்தத் தட்டில் வேறு எதுவும் இல்லாததுதான் கவலை.

இதன் விளைவு மருத்துவமனையில் தெரிகிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பது தெரிய வந்தது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேர். மறுபக்கம், ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. சர்க்கரை நோயும் சோகையும் ஒரே ஊரில், பல சமயம் ஒரே வீட்டில் இருக்கின்றன. வயிறு நிறைகிறது, உடம்புக்குச் சேர வேண்டியது சேரவில்லை.

இந்த மலைக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. சேர்வராயன் மலையில் மலையாளி மக்கள் பரம்பரையாகப் பயிரிட்டது சாமையும் கேழ்வரகும் தினையும் பனிவரகும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். அதன் பின் நல்ல நிலமெல்லாம் தோட்டமாகிக்கொண்டே போனது. மிச்சமிருந்த சரிவுகளில் சாமை நின்றது. நெல்லுச் சோறு என்பது பண்டிகைக்கும் விருந்துக்கும் மட்டும் என்றிருந்த காலத்தை இங்கே இருக்கிற பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்புறம் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி வந்தது, விலை குறைந்தது, கடைசியில் இலவசமே ஆனது. சாமைக் கொல்லைகள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போயின.

இதை வைத்து "ரேஷன் அரிசிதான் மலைமக்களைக் கெடுத்தது" என்று கீழே நகரத்தில் சிலர் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. சாமையைச் சோறாக்க என்ன பாடு என்று அவர்களுக்குத் தெரியாது. கதிரை அறுத்து, களத்தில் அடித்து, காயவைத்து, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கல் பொறுக்கி அதன் பிறகுதான் உலை. தோட்ட வேலை முடித்து வந்த பெண் இருட்டில் செய்த வேலை இது. அரிசி மூட்டை வந்தபோது அவள் கையிலிருந்து உலக்கை இறங்கியது. அந்த விடுதலையை நாம் குறைத்துப் பேசக் கூடாது. சிறுதானியத்தின் பெருமையை மேடையில் பேசுகிற யாரும், அதை யார் குத்துவது என்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் இருக்கிறது. பக்கத்துக் கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் வேலை செய்து, ஊருக்குள்ளேயே உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து, பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தது. உலக்கைக்குத் திரும்பாமலே சாமைக்குத் திரும்ப வழி உண்டு.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கர்நாடகம் தன் தென் மாவட்டங்களின் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கிறது. நம் அரசும் 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு என்று தொடங்கியது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவுதான். வளரும் பிள்ளைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இந்த வித்தியாசம் எலும்பில் தெரியும். ஆனால் தொடக்கப் பட்டியலில் சேலம் மாவட்டம் இல்லை. தருமபுரிக்கு அடுத்த மாவட்டம் நாம், மலையும் இருக்கிறது, கேழ்வரகு விளைந்த மண்ணும் இருக்கிறது. இருந்தும் விடுபட்டோம். சாமையின் நிலை இன்னும் மோசம். கேழ்வரகுக்காவது மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு, சாமைக்கெனத் தனியாக அதுவும் இல்லை.

ரேஷனில் எது வர வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? தென்னை விவசாயிகள் பாமாயிலை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய் கொடுக்கச் சொல்கிறார்கள். நம் சேலத்து மரவள்ளி விவசாயிகளும் சேகோ ஆலைகளும் ஜவ்வரிசியைச் சேர்க்கச் சொல்கிறார்கள். விலை வீழ்ந்து தவிக்கும் விவசாயி தன் பொருளை அரசு வாங்க வேண்டும் என்று கேட்பது குற்றமே அல்ல, நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் ஜவ்வரிசி என்பது மாவுச்சத்து, அவ்வளவுதான். ஏற்கெனவே மாவுச்சத்தால் நிறைந்த தட்டில் இன்னொரு பிடி மாவுச்சத்து. பாமாயிலில் நிறைகொழுப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 40 என்று குறை சொல்கிறோமே, தேங்காய் எண்ணெயில் அது இருமடங்குக்கு மேல். கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். விளைவிப்பவரின் குரல் கேட்கிறது, ஆலையின் குரல் கேட்கிறது. உண்பவரின் உடம்புக்காகப் பேச அந்த மேசையில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு முறை அந்தக் குரல் வென்றது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. சில ஆண்டுகளில் பிஸ்கட் உற்பத்தியாளர்கள் சங்கம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதியது, சமைத்த சோற்றுக்குப் பதில் பிஸ்கட் பொட்டலம் கொடுக்கலாமே என்று. அதை ஆதரித்து உறுப்பினர்கள் பலர் கையெழுத்திட்டு அப்போதைய கல்வி அமைச்சர் அர்ஜுன் சிங்குக்குக் கடிதம் அனுப்பினார்கள். மாநிலங்களைக் கேட்டார்கள், மாநிலங்கள் வேண்டாம் என்றன. அன்று அந்தப் பொட்டலம் உள்ளே நுழைந்திருந்தால், 1956-இல் காமராசர் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்து, பின்பு வாரம் 5 முட்டை வரை வளர்ந்த சத்துணவு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது வெளியிட்ட பட்டியலில் வெள்ளிக்கிழமைக்குக் கேசரி இருந்தது. அதற்காகச் சிலர் முகம் சுளித்தார்கள். வாரத்தில் ஒரு நாள் குழந்தை இனிப்புச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. கூடவே சாம்பாரில் பருப்பும் காயும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். உள்ளூர்ச் சிறுதானியத்தில் சமைக்கலாம் என்று அந்த ஆணையிலேயே இடம் இருக்கிறது. நாகலூரிலோ செம்மநத்தத்திலோ ஒரு பள்ளியில் சாமைப் பொங்கல் கொதிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

பெட்டிக்கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் குளிர்பானத்துக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி. என்று வைத்தார்கள், சரி. அதே நாளில் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் 18-லிருந்து 5, பொட்டலக் கார வகைகளுக்கு 12-லிருந்து 5 என்று குறைத்தார்கள். வரியைக் குறைப்பதும் அரசு தரும் உதவிதான். ரேஷன் பையை மட்டும் சோதித்துவிட்டு இதைப் பார்க்காமல் விடுவது நியாயமாகாது.

சரி, என்ன செய்யலாம்? அமெரிக்காவிலேயே ஒரு சோதனை நடந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் வட்டாரத்தில் 2011-12-இல், பழமும் காயும் வாங்கினால் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திரும்ப அட்டையில் ஏறும் என்று வைத்தார்கள். எதையும் தடை செய்யவில்லை. அந்தக் குடும்பத்தினர் மற்றவர்களைவிட 26 சதவீதம் கூடுதலாகக் காயும் பழமும் சாப்பிட்டார்கள். வறியவருக்கு நல்ல உணவின் அருமை தெரியாது என்கிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கே பதில்.

நமக்கு அதைவிட எளிய வழி நம் ரேஷன் முறைக்குள்ளேயே இருக்கிறது. உங்களில் சிலரிடம் சர்க்கரை அட்டை இருக்கலாம். அரிசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், அதற்குப் பதிலாக 3 கிலோ சர்க்கரை கூடுதலாக, மொத்தம் 5 கிலோ வரை கிடைக்கும். நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு நாளொன்றுக்கு 40 கிராமைத் தாண்டுகிறது, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் வரம்பைவிட மிக அதிகம். 2019-இல் அரசு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை அட்டைகளை, விரும்பினால் அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்தது. ஆக, ஒரு பொருளை விட்டு இன்னொரு பொருளைக் கேட்கும் ஏற்பாடு நம் ரேஷனில் பல ஆண்டுகளாக இருக்கிறது. கணினியில் இடம் இருக்கிறது, அட்டையில் குறியீடு இருக்கிறது. ஆனால் அது பருப்பின் பக்கம் ஓடுவதில்லை. அரிசியை விட்டுச் சர்க்கரை வாங்கலாம். சர்க்கரையை விட்டுப் பருப்பு வாங்க முடியாது.

அந்தக் கதவைப் பருப்பின் பக்கமும் திறக்க வேண்டும். ஒரு வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருவர் இருந்தால், அவர்கள் தங்கள் பங்குச் சர்க்கரையை விட்டுவிட்டு அதன் மானியத்துக்கு ஈடான பருப்பையோ கொண்டைக்கடலையையோ கடலை எண்ணெயையோ கேட்கலாம் என்று ஆக வேண்டும். அரிசியில் 5 கிலோவை விட்டுக் கேழ்வரகோ சாமையோ கேட்கலாம் என்று ஆக வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. சர்க்கரை வேண்டும் என்கிற வீட்டுக்குச் சர்க்கரை கிடைக்கட்டும், அரிசியே போதும் என்கிறவருக்கு அரிசியே கிடைக்கட்டும். பருப்பு சர்க்கரையைவிட விலை கூடிய சரக்குதான், அரசுக்குச் செலவு கூடும். உணவு மானியத்துக்கு ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவழிக்கிற அரசு இது. இன்சுலினுக்கும் டயாலிசிஸுக்கும் பின்னால் செலவழிப்பதைவிடப் பருப்புக்கு முன்னால் செலவழிப்பது மலிவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு பொருளை நிறுத்திவிட்டு "பிறகு நல்லதாகத் தருகிறோம்" என்று சொல்லும் எந்தத் திட்டத்துக்கும் சம்மதிக்காதீர்கள். முதலில் பருப்பு வரட்டும், அதன் பிறகு சர்க்கரையை விடலாம். முதலில் ஊரில் உமி நீக்கும் இயந்திரம் நிற்கட்டும், அதன் பிறகு சாமை கேட்கலாம். வரிசை மாறினால் இழப்பு உங்களுக்கு.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கிறது. பெரும்பாலும் பெயர் சேர்க்கவும் முகவரி மாற்றவும்தான் அங்கே போகிறோம். அடுத்த முறை போகும்போது "எங்கள் மலைக்குக் கேழ்வரகும் சாமையும், சர்க்கரைக்குப் பதில் பருப்பும் வேண்டும்" என்று ஒரு மனு எழுதிக் கொண்டுபோங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். வெள்ளக்கடை, வாழவந்தி, மாரமங்கலம், தலைச்சோலை, மஞ்சக்குட்டை, எந்த ஊராட்சியாக இருந்தாலும் வருகிற கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, கூட்டத்தில் இருக்கிற பெண்களின் கையெழுத்தோடு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.